ஓப்பல் மரம்: திருமலைக் கரையில் கிடைக்குமா? வெளிநாட்டில் எடுத்தால் சட்டம் என்ன சொல்லும்?

பாலையூற்றான்

வணக்கம். கல் சேர்க்கிற பழக்கம் உள்ளவர்களிடம் ஓப்பல் மரம், அதாவது ஓப்பல் என்ற இரத்தினக்கல்லாக மாறிய பழங்கால மரம் பற்றி இரண்டு விஷயம் கேட்க வேண்டும்.

இறக்கக்கண்டிப் பாலம் தாண்டி வடக்கே போனால், மாரிக் கடல் மணலை இழுத்துக்கொண்டு போன பிறகு கற்கள் வெளியே தெரியும். அங்கே எடுத்த ஒன்று என்னிடம் இருக்கிறது. உள்ளங்கை நீளம், தேன் நிறம், கபிலக் கோடுகள் நீளவாக்கில் நெருக்கமாக ஓடுகின்றன. ஒரு பக்கம் மரப்பட்டை போலவே சொரசொரப்பு. உடைந்த முனையில் மெழுகுப் பளபளப்பு. பார்த்த நண்பர் ஒருவர் "ஓப்பலாக மாறிய மரம் இது, விடாதே" என்றார். உண்மையா?

இரண்டாவது, அக்காவின் மகன் அமெரிக்காவில் ஐடஹோ மாநிலத்தில் இருக்கிறான். வருகிற கோடையில் அங்கே போகிறேன். அந்தப் பக்கம் ஓப்பல் மரம் கிடைக்கும் என்று வாசித்திருக்கிறேன். வெளிநாட்டுக்காரன் போய் எடுத்தால் சட்டப்படி சரியா? யாரிடம் கேட்க வேண்டும்? அனுபவம் உள்ளவர்கள் சொல்லுங்கள்.

கல்பட்டறை

தம்பி, கோடு இருக்கிறதெல்லாம் மரம் இல்லை. முதலில் வீட்டிலேயே மூன்று வேலை செய்து பாருங்கள்.

பத்து மடங்கு பெருக்கும் கண்ணாடி ஒன்று எடுத்து, கல்லின் குறுக்குவெட்டு முனையை ஈரமாக்கிப் பாருங்கள். நீளவாக்குக் கோட்டை நம்ப வேண்டாம், அது எந்தப் பாறையிலும் வரும். மரம் என்றால் முனையில் பெரும்பாலும் வளையம் தெரியும். அந்த வளையத்துக்குக் குறுக்கே மையத்திலிருந்து வெளியே மெல்லிய கதிர்க் கோடுகள் ஓடும். தேக்கு, கருவாலி (ஓக்) மாதிரி அகன்ற இலை மரமாக இருந்தால் ஊசி குத்தியதுபோலத் துளைகளும் தெரியும். ஊசியிலை மரத்தில் அந்தத் துளைகள் இருக்காது, ஒரே அளவான சின்னச் சின்ன அறைகள் வரிசையாக நிற்கும்.

அடுத்தது கடினம். கல்லின் கடினத்தை ஒன்று முதல் பத்து வரை சொல்கிற மோஸ் அளவில் ஓப்பல் 5.5 முதல் 6.5 வரை, குவார்ட்ஸ் 7. ஒரு நல்ல குவார்ட்ஸ் துண்டால் மூலையில் கீறினால் ஓப்பலில் கோடு விழும்.

மூன்றாவதுதான் நிச்சயமானது: அடர்த்தி. சமையல் தராசில் கல்லை நிறுங்கள். பிறகு தண்ணீர்ப் பாத்திரத்தைத் தராசில் வைத்துப் பூச்சியமாக்கி, கல்லை நூலில் கட்டி, அடியிலும் பக்கத்திலும் முட்டாமல் தண்ணீருக்குள் முழுக்கத் தொங்கவிடுங்கள். தராசு காட்டும் எண்ணால் முதல் நிறையை வகுத்தால் அடர்த்தி. 2.0 இலிருந்து 2.2 வரை வந்தால் ஓப்பல் என்று யோசிக்கலாம். 2.65 ஐ ஒட்டி வந்தால் குவார்ட்ஸ்.

பாலையூற்றான்

செய்து பார்த்தேன் ஐயா. கல் 212 கிராம். தண்ணீரில் தொங்கவிட்டபோது 81. வகுத்தால் 2.62. குவார்ட்ஸ் துண்டால் கீறினேன், கோடு விழவில்லை. முனையில் வளையமும் இல்லை, கதிரும் இல்லை. கோடுகள் தட்டையாக ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கி இருக்கின்றன.

கல்பட்டறை

குவார்ட்ஸ்தான். குவார்ட்ஸாக மாறிய மரமும் உலகில் உண்டு, ஆனால் மரத்தின் உடம்பு அதில் தெரிய வேண்டும். உங்கள் கல்லில் இருப்பது பாறை அடுக்கு, இடையில் இரும்புக் கறை ஊறியிருக்கிறது. கல் வடிவான கல், அதில் சந்தேகமே இல்லை.

புவியியல் ரீச்சர்

பாடசாலையில் இதே கேள்வியைப் பிள்ளைகள் கேட்பார்கள். அதனால் கொஞ்சம் நீட்டியே எழுதுகிறேன்.

இலங்கை நிலத்தில் பத்தில் ஒன்பது பங்கு பிரிகேம்பிரியன் என்ற மிகப் பழைய காலத்து உருமாறிய பாறை. திருமலையைச் சுற்றி குவார்ட்சைட், சார்னோக்கைட், நைஸ் எல்லாம் அந்த வகைதான். அவை பூமிக்குள் ஆழத்தில் வெந்து, அழுந்தி இன்றைய உருவத்துக்கு வந்தது ஏறக்குறைய 55 கோடி ஆண்டுகளுக்கு முன்னர். மரம் என்ற ஒன்று பூமியில் தோன்றியது சுமார் 39 கோடி ஆண்டுகளுக்கு முன்னர்தான். நம் காலடியில் இருக்கும் பாறை உருவானபோது உலகத்தில் மரமே கிடையாது. இதை ஒருமுறை மனதில் வாங்கிக்கொண்டால், கோணேசர் மலைச் சரிவில் கல்மரம் தேடி யாரும் வெயிலில் அலைய மாட்டார்கள்.

அப்படியென்றால் ஓப்பல் மரம் எங்கே உருவாகும்? மரம் விழுந்தவுடன் காற்றுப் படாமல் புதைய வேண்டும், இல்லாவிட்டால் உக்கிப்போகும். அதை மூடுகிற மண்ணில் எரிமலைச் சாம்பல் இருக்க வேண்டும். சாம்பல் என்பது பெரும்பாலும் பொடிக் கண்ணாடி. தரைக்கீழ் நீர் அதைச் சுலபமாகக் கரைத்து, சிலிக்காவை (மணலிலும் கண்ணாடியிலும் இருக்கும் பொருள்) சுமந்துகொண்டு மரத்துக்குள் போகும். மரத்தின் செல்லுலோசும் லிக்னினும் அந்தச் சிலிக்காவைப் பிடித்துக்கொள்ளும். கலச் சுவர் முதலில் கல்லாகும், பிறகு உள்ளே இருக்கும் வெற்றிடம் நிரம்பும். நீர் இன்னும் உள்ளே கட்டுண்டு இருக்கும் சிலிக்காதான் ஓப்பல். அதில் நீர் பெரும்பாலும் 3 முதல் 10 சதவீதம் வரை இருக்கும்.

இன்னொன்று, ஓப்பல் நிலையான கனிமம் இல்லை. காலம் போகப்போக நீரை இழந்து, உள்ளமைப்பு மாறி, கடைசியில் குவார்ட்ஸாகிவிடும். அதனால்தான் அரிசோனாவில் 20 கோடி ஆண்டுகளுக்கு மேல் பழமையான மரங்கள் குவார்ட்ஸாக இருக்கின்றன, நெவாடா, ஐடஹோ, ஓரிகன் பக்கத்தில் ஒன்றரைக் கோடி ஆண்டு அளவில் உள்ள மரங்கள் இன்னும் ஓப்பலாக இருக்கின்றன. ஓப்பல் மரம் வேண்டுமென்றால் இளமையான சாம்பல் நிலத்துக்குப் போக வேண்டும். நம் நாட்டில் அடையற்பாறை உண்டு: யாழ்ப்பாணச் சுண்ணக்கல் மயோசீன் காலத்தது, அதில் கடற்சிப்பி கிடைக்கும். புத்தளம் மாவட்டத்தில் தப்போவ, ஆண்டிகமப் பக்கம் யுராசிக் காலத்துப் படைகளில் இலைச் சுவடுகள் கிடைத்திருக்கின்றன. ஆனால் சாம்பல் படுக்கை இல்லை.

சாம்பல்தீவு

ரீச்சர், கன்னியா வெந்நீர்க் கிணறுகள்? சுடுதண்ணீர் சிலிக்காவைக் கொண்டுவரும் என்றுதானே சொல்கிறார்கள். அந்தக் காட்டுக்குள் விழுந்த மரம் ஓப்பலாகியிருக்க வாய்ப்பில்லையா?

புவியியல் ரீச்சர்

நல்ல கேள்வி. அமெரிக்காவின் யெலோஸ்டோன் மாதிரி இடத்தில் நீங்கள் சொல்வது இன்றும் நடக்கிறது. அங்கே கொதிநீர் சிலிக்கா நிறையக் கரைத்துக்கொண்டு மேலே வந்து, ஆறும்போது அதை ஓப்பலாகக் கக்கிவிடும். அந்தத் தண்ணீரில் நிற்கிற பைன் மரங்களின் அடிப்பகுதி சிலிக்கா ஊறி வெள்ளையாகிவிடுகிறது. ஆனால் அதற்குக் கீழே எரிமலைச் சூடு இருக்கிறது. கன்னியாவில் அப்படி இல்லை. மழைத்தண்ணீர் பிளவு வழியாக ஆழத்துக்குப் போய்ச் சூடாகித் திரும்பி வருகிறது, அவ்வளவுதான். நாம் அள்ளிக் குளிக்கிற சூடு அது. அந்தச் சூட்டில் கரைகிற சிலிக்கா மரத்தைக் கல்லாக்கப் போதாது. மேலும் கன்னியா தொல்லியல் திணைக்களத்தின் பொறுப்பில் உள்ள இடம். அங்கே மண்ணைக் கிளறுவது பற்றி யோசிக்கவே வேண்டாம்.

ரீனோத் தமிழன்

நான் உவர்மலையில் வளர்ந்தவன், இப்போது நெவாடாவில் ரீனோவில் இருக்கிறேன். இரண்டாவது கேள்விக்கு நான் பதில் சொல்கிறேன் அண்ணா.

அமெரிக்காவின் மேற்கில் பெரும்பகுதி நிலம் மத்திய அரசுடையது. அதில் கல் சேர்க்கிறவர்களுக்கு முக்கியமானது நிலமேலாண்மைப் பணியகம், எல்லாரும் பி.எல்.எம் என்பார்கள். அதன் நிலத்தில் கல்மரம் எடுக்க அனுமதிப்பத்திரம் வேண்டாம், காசும் வேண்டாம். ஆனால் அளவு உண்டு: ஒருவருக்கு ஒரு நாளைக்கு 25 பவுண்டும் அதோடு ஒரு துண்டும், ஒரு வருடத்தில் மொத்தம் 250 பவுண்ட். கிட்டத்தட்ட 11 கிலோவும் 113 கிலோவும். சொந்தத் தேவைக்கு மட்டும்தான். வியாபாரிக்கு விற்கவோ, பண்டமாற்றுச் செய்யவோ கூடாது. மண்வெட்டி, சிறு கோடரி போதும். இயந்திரமும் வெடியும் கூடாது. நாலு பேர் தங்கள் பங்கை ஒன்றாகச் சேர்த்து 250 பவுண்டுக்கு மேற்பட்ட ஒரே அடிமரத்தைத் தூக்குவதும் கூடாது.

இந்தச் சலுகை எல்லா அரசு நிலத்துக்கும் பொருந்தாது. தேசியப் பூங்காக்களில் ஒரு சிராய் கூட எடுக்க முடியாது. தேசிய வனங்களில் அந்தந்த வன அலுவலகம் சொல்வதுதான் சட்டம். பழங்குடி மக்களின் ஒதுக்கு நிலம் அவர்களுடையது. தனியார் பண்ணைக்குள் வேலி தாண்டிப் போனால் அத்துமீறல். பி.எல்.எம் நிலத்திலும் சில பகுதிகள் மூடியிருக்கும். அதனால் கிளம்பும் முன் அந்தப் பகுதிக்குரிய பி.எல்.எம் அலுவலகத்துக்கு அழைத்து, போகிற இடத்தைச் சொல்லிக் கேளுங்கள். நிறம் போட்ட நில உரிமை வரைபடம் அங்கேயே வாங்கலாம். கைத்தொலைபேசிச் செயலியிலும் எல்லை தெரியும்.

ஒரு நுணுக்கம் இருக்கிறது, நிறையப் பேர் இதில்தான் வழுக்குகிறார்கள். 1962 இல் வந்த சட்டத்தின்படி கல்மரத்துக்காகச் சுரங்க உரிமை கோர முடியாது. அது எல்லாருக்கும் பொது. ஆனால் ஓப்பல் இரத்தினக்கல், அதற்கு உரிமை கோரலாம். கிளெயிம் என்பார்கள், மூலைகளில் கம்பம் நட்டிருக்கும். ஓப்பல் மரம் நல்லதாகக் கிடைக்கிற இடங்களில் கிளெயிம் இருக்க வாய்ப்பு மிக அதிகம். வெட்டவெளியாகத் தெரிகிறது, வேலி இல்லை, ஆள் இல்லை என்று இறங்கிவிடாதீர்கள். பி.எல்.எம் பதிவேட்டில் பார்த்துவிட்டு, உரிமைக்காரர் இருந்தால் அவரிடம் கேட்டுவிட்டுத்தான் கை வைக்க வேண்டும்.

முதல் தடவை வருகிறவருக்கு நான் சொல்வது காசு கட்டித் தோண்டுகிற சுரங்கம். நெவாடாவின் வடமேற்கு மூலையில் வெர்ஜின் வேலி இருக்கிறது. 1917 இல் அங்கே ரெயின்போ ரிட்ஜ் சுரங்கத்தில் எடுத்த ரோப்ளிங் ஓப்பல் 2,585 கரட், அரைக் கிலோவுக்குக் கொஞ்சம் கூட. இப்போது வாஷிங்டன் ஸ்மித்சோனியன் அருங்காட்சியகத்தில் இருக்கிறது. கோடையில் அந்தப் பள்ளத்தாக்கில் நாள் கட்டணம் கட்டி, கிடைப்பதை எடுத்துப் போகலாம். ரோயல் பீகொக் என்ற சுரங்கமும் அங்கேதான். ஏற்கெனவே கிண்டிக் கொட்டிய மண் குவியலில் தேடினால் கட்டணம் குறைவு, கிண்டாத மண் சரிவை நேரடியாக வெட்டினால் அதிகம்.

அங்கே ஓப்பல் இருப்பது பாறையில் இல்லை, களிமண்ணில். நனைந்தால் கையில் வழுக்குகிற சாம்பல் நிறக் களி. சுத்தியல் அடித்தால் உள்ளே இருப்பது நொறுங்கும். திருப்புளியால் ஓரம் ஓரமாக நெம்ப வேண்டும். களியில் ஒரு கரிய புள்ளி தெரியும், சுற்றிச் சுரண்டினால் கிளையின் முனை வெளியே வரும். வெளித்தோல் மரநிறம், கணுக்கூடத் தெரியும். தண்ணீர் தெளித்து வெயிலுக்குத் திருப்பினால் உள்ளே பச்சையும் சிவப்பும் ஓடும். ஆனால் அப்படிக் கிடைக்கிறது அபூர்வம். பெரும்பாலும் நிற விளையாட்டு இல்லாத தேன் நிற, பால் நிற ஓப்பல்தான் வரும். எனக்கு அதுவே பிடிக்கும், மரத்தின் வரி அதில்தான் நன்றாகத் தெரியும்.

கல்பட்டறை

ஒரு விளக்கம் சேர்க்கிறேன். வெர்ஜின் வேலியில் வருவதில் இரண்டு ரகம். ஒன்று, மரத்தின் கலம் கலமாக ஓப்பல் ஏறியது. மற்றது, மரம் உக்கிப்போய்விட்ட பிறகு மண்ணில் மிஞ்சிய வெற்று அச்சுக்குள் ஓப்பல் நிரம்பியது. இரண்டாவதில் வெளி உருவம் கிளையாக இருக்கும், உள்ளே வளையம் இருக்காது. நிறம் ஓடுகிற துண்டுகள் அதிகம் இரண்டாவது ரகத்தில்தான். நிறத்துக்குக் காரணம் சாயம் இல்லை. ஒரே பருமனான நுண்ணிய சிலிக்காக் குண்டுகள் ஒழுங்காக அடுக்கி இருப்பதால் வெளிச்சம் பிரிந்து வருகிறது. அடுக்கு ஒழுங்கில்லாவிட்டால் வெறும் பால் நிறம். மரத்தின் உடம்பைப் பார்க்க ஆசைப்படுகிறவர் முதல் ரகத்தைத் தேடுங்கள்.

மூதூர்க் கடல்

எல்லாம் சரி. ஆனால் ஒரு மனிதன் நடந்து போகிற வழியில் ஒரு கல்லை எடுத்துச் சட்டைப்பையில் போட்டால் யாருக்கு என்ன நட்டம்? மலையாகக் கிடக்கிறது. இவ்வளவு சட்டம் தேவையா என்றுதான் எனக்குத் தோன்றுகிறது. மழையும் வெயிலும் அதை உடைத்துப் போடுவதைவிட ஒருவர் வீட்டில் பத்திரமாக இருப்பது நல்லதுதானே?

சாம்பல்தீவு

மூதூர் அண்ணன் சொல்வதில் பாதி எனக்குச் சரி. மேற்பரப்பில் கிடப்பது உடைந்துதான் போகும். அதனால்தான் பி.எல்.எம் நிலத்தில் 25 பவுண்ட் என்று திறந்தே விட்டிருக்கிறார்கள். அது தடை இல்லை, பங்கு.

மற்றப் பாதிக்கு நான் கண்ணால் பார்த்ததைச் சொல்கிறேன். சிதம்பரத்துக்குப் போனபோது விழுப்புரம் மாவட்டத்தில் திருவக்கரைக்கும் போனோம். வக்கிரகாளியம்மன் கோயிலுக்குக் கொஞ்சத் தூரத்தில் கல்மரப் பூங்கா. செம்மண் சரிவில் முழு அடிமரங்கள் கிடக்கின்றன, சில ஒரு பேருந்து நீளம். 1781 இலேயே சொன்னெரா என்ற பிரெஞ்சுக்காரர் அதைப் பற்றி எழுதியிருக்கிறார். ஊருக்குப் பக்கத்தில் இருந்தும் இவ்வளவு மிஞ்சியிருப்பது இந்தியப் புவியியல் ஆய்வு நிறுவனம் வேலி போட்டு, காவலுக்கு ஆள் வைத்ததால்தான். அங்கே போகிற ஒவ்வொருவரும் ஒரு சில்லு எடுத்திருந்தால் என் பிள்ளைக்குக் காட்ட எனக்கு என்ன இருந்திருக்கும்?

ரீனோத் தமிழன்

அரிசோனாவில் இதுதான் நடந்தது. ரயில் வந்த பிறகு வண்டி வண்டியாகக் கல்மரம் போனது. உள்ளே செவ்வூதாக் குவார்ட்ஸ் படிகம் இருக்கும் என்று அடிமரங்களை வெடி வைத்தே உடைத்தார்கள். 1906 இல் அந்த நிலத்தைத் தேசிய நினைவிடமாக அறிவித்தார்கள், 1962 இல் தேசியப் பூங்கா ஆனது. அங்கே எடுத்துப் போனவர்கள் மனம் கேட்காமல் தபாலில் திருப்பி அனுப்பிய கற்கள் ஒரு குவியலாகவே இருக்கின்றன. திருப்பி வந்தாலும் பழைய இடத்தில் வைக்க முடியாது, எந்தச் சரிவில் எந்த மரத்தின் பக்கத்தில் கிடந்தது என்பது யாருக்கும் தெரியாது. ஆராய்கிறவருக்கு அந்தத் துண்டு செத்த துண்டு. மூதூர் அண்ணா, நட்டம் இதுதான்.

மூதூர்க் கடல்

இடம் தெரியாமல் போனால் கல்லுக்கு மதிப்பில்லை என்பது எனக்கு விளங்குகிறது. அந்தக் கோணத்தில் நான் யோசித்திருக்கவில்லை. ஆனாலும் திறந்துவிட்ட இடங்கள் இன்னும் கூட இருக்க வேண்டும் என்பது என் கருத்து. கையில் தொட்டு வளர்கிற பிள்ளைக்குத்தான் கல்மேல் ஆசை வரும்.

புவியியல் ரீச்சர்

அதை நான் முழுமனதோடு ஒப்புக்கொள்கிறேன்.

கச்சேரி ஓய்வு

நம் நாட்டுப் பக்கத்தையும் சொல்லிவிடுகிறேன், திருமலைக் கரையில் கல் பொறுக்குகிறவர்கள் தெரிந்திருக்க வேண்டும். 1992 ஆம் ஆண்டின் 33 ஆம் இலக்க சுரங்கங்கள், கனியங்கள் சட்டப்படி கனியம் அரசுக்குச் சொந்தம், நிலம் யாருடையதாக இருந்தாலும். அகழ்வது, ஆராய்வது, வியாபாரம் செய்வது, ஏற்றுமதி செய்வது எல்லாவற்றுக்கும் புவிச்சரிதவியல் அளவை, சுரங்கப் பணியகத்தின் உரிமம் வேண்டும். இரத்தினக்கல் என்றால் தேசிய இரத்தினக்கல், ஆபரண அதிகாரசபை, அது 1993 ஆம் ஆண்டின் 50 ஆம் இலக்கச் சட்டம். சொந்தக் காணியில் கிணறு வெட்டும்போது கல் கிடைத்தது என்பதால் அது தானாக உங்களுடையது ஆகிவிடாது.

கரையோரத்தில் பவளப் பாறை எடுப்பது குற்றம், செத்த பவளமாக இருந்தாலும் விட்டுவிடுங்கள். புறாத்தீவு தேசியப் பூங்கா, அங்கிருந்து எதையும் கொண்டுவர முடியாது. புல்மோட்டைப் பக்கம் கறுப்பு மணல், இல்மனைற்றும் சிர்க்கோனும் உள்ள மணல், அரச கம்பனி எடுக்கிறது, அந்த எல்லைக்குள் போகவேண்டாம். பாலையூற்றுத் தம்பியின் கைக் கல் மாதிரி ஒன்றை அலுமாரியில் வைத்திருப்பதற்கு யாரும் வரப்போவதில்லை. தோண்டுவதும், விற்பதும், பெட்டியில் போட்டு வெளிநாட்டுக்குக் கொண்டுபோவதும் வேறு விஷயம். அப்படி எண்ணம் இருந்தால் முதலில் எழுத்தில் கேளுங்கள்.

கல்பட்டறை

அமெரிக்காவிலிருந்து கொண்டுவருவது பற்றி. சுரங்கத்தில் கட்டிய காசுக்குப் பற்றுச்சீட்டு வாங்கி வையுங்கள். சுங்கத்தில் கேட்டால் எங்கே, எப்படிக் கிடைத்தது என்று காட்ட அது வேண்டும். பட்டை தீட்டிய ஓப்பலாக இருந்தால் அதிகாரசபையிடம் முன்கூட்டியே விசாரியுங்கள்.

அப்புறம் இதுதான் முக்கியம். வெர்ஜின் வேலி ஓப்பலில் நீர் அதிகம். களியிலிருந்து வெளியே வந்து காய்ந்தால் வலைப் பின்னலாக வெடிக்கும். சில துண்டு அன்றைக்கே, சில துண்டு வருடம் கழித்து. அங்கே ஆட்கள் எடுத்தவுடன் கண்ணாடிப் போத்தலில் தண்ணீருக்குள் போடுவது அதனால்தான். நமக்கு ஆனி, ஆடியில் கச்சான் காற்று அடிக்கிறபோது கதவு பலகையே காய்ந்து பிளக்கிறது, ஓப்பல் என்ன செய்யும்? யன்னல் ஓரத்தில் வைக்காதீர்கள், மின்குமிழுக்குக் கீழே வைக்காதீர்கள். ஐடஹோ, ஓரிகன் பக்கத்துச் சாதாரண ஓப்பல் மரம் பெரும்பாலும் தாங்கும். அறுக்கும் எண்ணம் இருந்தால் முதலில் சில மாதம் நிழலில் மெல்ல உலரவிட்டு, வெடிக்காத துண்டை மட்டும் வாளுக்குக் கொடுங்கள். தண்ணீர் நிறைய விட்டு, அழுத்தாமல் அறுக்க வேண்டும். சூடு பட்டால் போச்சு.

உப்புவெளியில் சில கடைகளில் பால் நீல நிறத்தில் ஒளிர்கிற வட்டக் கல்லை ஓப்பல் என்றும் சந்திரகாந்தம் என்றும் விற்கிறார்கள். அது செய்த கண்ணாடி. பெருக்குக் கண்ணாடியில் பார்த்தால் உள்ளே வட்டக் குமிழ் தெரியும்.

பாலையூற்றான்

எல்லாருக்கும் நன்றி. மருமகனிடம் பேசினேன். ஐடஹோவில் குளோவர் கிரீக் பக்கம் ஓப்பலாகிய கருவாலி மரம் கிடைக்கும் என்கிறான். அதற்குரிய பி.எல்.எம் அலுவலகத்துக்கு அவனே அழைத்து எல்லையும் கிளெயிமும் கேட்டு வைப்பான். பிறகு வெர்ஜின் வேலியில் காசு கட்டித் தோண்டலாம் என்று முடிவு. பெட்டியில் எவ்வளவு பாரம் என்பதையும் பார்க்க வேண்டும். ரீனோத் தம்பி, களிமண்ணில் தோண்ட என்ன கொண்டுவர வேண்டும்?

ரீனோத் தமிழன்

திருப்புளி இரண்டு அளவில், சின்னக் கொத்து, தெளிப்புப் போத்தல், மூடியுள்ள கண்ணாடிப் போத்தல்கள், முழங்காலுக்குப் போட மெத்தை, பெரிய தொப்பி. தண்ணீர் நிறைய, கடை கிட்டத்தில் இல்லை. கிறவல் பாதை, மழை பெய்தால் களி சக்கரத்தைப் பிடித்துக்கொள்ளும், மேலதிகச் சக்கரம் ஒன்று அவசியம். ஒரு பேனையும் ஒட்டுத்தாளும் மறக்க வேண்டாம். ஒவ்வொரு துண்டும் வெளியே வந்தவுடன் இடம், திகதி, யாருடைய நிலம், எந்தப் படையில் இருந்தது என்று எழுதி அந்தப் போத்தலிலேயே ஒட்டுங்கள். எந்தக் கிழமை வருகிறீர்கள் என்று முன்கூட்டிச் சொல்லுங்கள் அண்ணா, ரீனோவிலிருந்து நானும் வந்துவிடுகிறேன்.